பின்னாடியாரின் முகம்

பேய்ப் படங்களில் மட்டுமே நடித்துவந்த ஒரு மனிதர் இறந்துபோன மறுநாள் காலையிலிருந்து, அந்த ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடியில் தங்கள் முதுகுக்குப் பின்னால் அவர் தெரிய ஆரம்பித்தார். சவரம் செய்யப் போனவர்கள் பார்த்தார்கள். தலை வாரப் போனவர்கள் பார்த்தார்கள். பேருந்து ஓட்டுநர் ஒருவர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பின்னாடி நிக்கிறவரு டிக்கெட் எடுத்துட்டாரா?" என்று நடத்துநரைக் கேட்டார். படங்களில் எப்படி நிற்பாரோ அதே நிலைதான். சுண்ணாம்பு பூசினாற்போல முகம், கண்ணுக்குக் கீழே கருப்பு, உதட்டோரத்தில் வெடிப்பு, தலை மட்டும் ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் நிற்பார். வேறு பேயாக இருந்தால் ஊர் அல்லோலகல்லோலப்பட்டிருக்கும். இவர் விஷயத்தில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. சின்ன வயதில் பார்த்துப் பயந்த ஆள்தானே, நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். சிலர் சவரக் கத்தியைத் தாழ்த்தி, "நல்லாருக்கீங்களா?" என்று விசாரித்துவிட்டு மறு கன்னத்துக்குப் போனார்கள். அவர் தெரியாத மீதிப் பாதிப் பேரில் அவருடைய மனைவியும் ஒருத்தி.

அவர் ஒரு லாரி கம்பெனியில் சரக்குக்கு ரசீது போட்டுக்கொண்டிருந்தவர். யாரோ படம் பிடிக்க வந்தார்கள், கதாநாயகி கண்ணாடி முன்னால் தலை வாரும்போது பின்னால் நிற்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள், இவர் போய் நின்றார். வசனம் கிடையாது, நடை கிடையாது, பல்லைக்கூடக் காட்டவில்லை. சும்மா நின்றார். தியேட்டரில் அந்த இடம் வந்தபோது முன்வரிசையிலிருந்து பின்வரிசை வரை எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்கள். அதற்கப்புறம் எடுத்த எல்லாப் பேய்ப் படத்திலும் அவருக்கு அதே வேலைதான். கதாநாயகிகள் மாறினார்கள், கல்யாணம் செய்துகொண்டு காணாமல் போனார்கள். பின்னால் நிற்பவர் மட்டும் மாறவில்லை. ஊர் அவருக்கு மரியாதையாகப் பின்னாடியார் என்று பெயர் வைத்தது. அந்தக் காலத்தில் பகல் காட்சி முடிந்து சுள்ளென்ற வெயிலில் வெளியே வந்தவர்கள்கூடக் கும்பலாகத்தான் வீட்டுக்கு நடந்தார்கள். கும்பலில் கடைசி ஆளாக நடக்க ஒருவரும் சம்மதிக்காததால் எல்லோரும் பக்கவாட்டில் வரிசையாகி, தெரு முழுக்க அடைத்துக்கொண்டு போனார்கள். பிள்ளைகள் சுவரில் முதுகை ஒட்டிவைத்துத் தூங்கின. சோப்புப் போட்டு முகம் கழுவும்போது கண்ணை மூட ஒரு பிள்ளையும் துணியவில்லை. ஒரு தலைமுறையே கண் சிவந்து பள்ளிக்கூடம் போனது. ஊர்க் கண் டாக்டர் மாடி கட்டியது அந்த வருடங்களில்தான் என்று சொல்வார்கள். இப்போது நினைத்தால் எல்லோருக்கும் சிரிப்பு வருகிறது.

அந்த முகத்தைச் செய்தது அவருடைய மனைவிதான். படப்பிடிப்பில் ஒப்பனை வேலை அவளுக்கு. வெள்ளைப் பூச்சை அவளேதான் கலப்பாள், கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் கரி இழுப்பாள், உதட்டோரத்தில் பசையைத் தடவிக் காயவிட்டு வெடிக்கச் செய்வாள். பூச்சுக் காயும்வரை வாயை அசைத்தால் எல்லாம் பாளம்பாளமாக உதிர்ந்துவிடும் என்பதால் அவர் நாற்காலியில் வாய் மூடி உட்கார்ந்திருப்பார். அவள் தன் வீட்டுக் கதை, தங்கச்சி கதை, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் அவர் தலையில் கொட்டுவாள். ஒரு வருடம் முழுக்க வாயைத் திறக்காமல் தான் பேசுவதைக் கேட்ட ஆண்பிள்ளை இனி எங்கே கிடைப்பான் என்று அவரையே கல்யாணம் செய்துகொண்டாள். வீட்டில் அவரைப்போல ஒரு சாதுவைப் பார்க்க முடியாது. அறைக்குள் வருவதற்கு முன்னால் செருப்பைத் தரையில் தேய்த்துச் சத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருவார், யாரும் திடுக்கிடக் கூடாதென்று. பிறகு கம்ப்யூட்டரில் பேய் செய்யும் காலம் வந்தது, நிற்பதற்கு ஆள் தேவைப்படவில்லை. வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலியும் சுவரளவு கண்ணாடியும் போட்டு அவள் முடிவெட்டும் கடை திறந்தாள். அவர் துண்டு துவைத்து மடித்துக் கொடுத்தார். அப்படியே பல வருடம் ஓடியது. ஒரு மத்தியானம் வாடிக்கை இல்லாத நேரத்தில் சன்னலோர நாற்காலியில் கண் அயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

அவருடைய ரசிகர்கள் சேர்ந்து நடுக்கச் சங்கம் என்று ஒன்று வைத்திருந்தார்கள். பல் டாக்டரின் மருத்துவமனை மாடியில் ஞாயிறு மத்தியானம் கூடுவார்கள். சேர வருகிறவர், தான் முதன்முதலில் பின்னாடியாரைப் பார்த்துப் பயந்த இடத்தையும் விதத்தையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும்; கொஞ்சம் மிகைப்படுத்தினாலும் உட்காரச் சொல்லிவிடுவார்கள். கால்சட்டை நனைந்ததைச் சொன்னவர்களுக்கு அங்கே தனி மதிப்பு. இரங்கல் கூட்டத்துக்கு அவளை அழைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், மேசையில் அவருடைய பெரிய படம், பூ, விளக்கு எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, சங்கத்தார் அத்தனை பேரும் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவளுக்குச் சுருக்கென்றது.

"மனுஷன் போயி இன்னும் வீட்டு ஈரம் காயல. அதுக்குள்ள எல்லாரும் முதுகக் காட்டுறீங்களே, நல்லாருக்கா?"

சங்கத் தலைவரான பல் டாக்டர் பதறி எழுந்தார். ஆஜானுபாகுவான மனிதர், ஊரில் பாதிப் பேர் அவர் நாற்காலியில் நடுங்கியிருக்கிறார்கள். அவர் கண்ணிலிருந்து நீர் தாரைதாரையாக வழிந்தது. "ஐயோ அக்கா, தப்பா நெனைக்காதீங்க. அவரு என்னைக்கு எங்க முன்னாடி வந்திருக்காரு? பின்னாடி வந்து நிக்கிறவருதானே. நாங்க மூஞ்சியக் காட்டிக்கிட்டு உக்காந்தா அவரு எப்படி வருவாரு?"

அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவளும் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அந்தக் கூட்டத்தில்தான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. ஒவ்வொருவராக, இன்று காலை எந்தக் கண்ணாடியில் எப்படி நின்றார் என்று சொன்னார்கள். ஓய்வுபெற்ற தபால்காரம்மா, பீரோக் கண்ணாடியில் அவர் நிற்கும் தைரியத்தில்தான் இப்போது தனியாகத் தூங்குவதாகச் சொன்னாள். பின்னாடியாரின் மனைவி மற்றவர்கள் முடிக்கும்வரை இருக்கவில்லை. வீட்டுக்கு ஓடி, விளக்கைப் போட்டு, சுவரளவு கண்ணாடி முன்னால் நின்றாள். கண்ணாடியில் அவள் இருந்தாள், இரண்டு நாற்காலி இருந்தது, மடித்த துண்டுகள் இருந்தன.

கொடுமை என்னவென்றால், வேறெந்தக் கண்ணாடியையும்விட அந்தக் கடைக் கண்ணாடியில்தான் அவர் தெளிவாகத் தெரிந்தார். முதலில் சொன்னது தங்கச்சி. சிறுமியாக இருந்தபோது அவரைத் திரையில் பார்த்துக் காய்ச்சலில் விழுந்தவள் அவள். முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்தவள் கண்ணாடியைப் பார்த்து, "அக்கா, அத்தான் வந்திருக்காரு. எனக்குப் பின்னாடி நிக்கல, உன் பக்கத்துலதான் நிக்கிறாரு. சட்டைக் காலர் மடங்கியிருக்கு பாரு" என்றாள். அக்கா கத்தரியை வைத்துவிட்டுப் பக்கத்தில் காற்றில் கையை நீட்டிக் காலரைத் தடவினாள். "இப்ப?" "ம், சரியாயிடுச்சு." அவள் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துதான் வந்தாள். சங்கத்தார் காதுக்கு இது போனதும் கடையில் கூட்டம் நெரிந்தது. வழுக்கைத் தலைக்காரர்கள்கூட முடி வெட்ட வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணாடியைப் பார்த்துக் கண்கலங்குவார். அவள் பின்னால் நின்று, ஒன்றும் தெரியாமல், கழுத்தோர முடியைச் சிரைப்பாள். எல்லோரும் அவளிடம் அவர் எப்படி நிற்கிறார் என்று சொன்னார்கள். ஒருநாள் அவர் கை அவள் தோளில் இருப்பதாக யாரோ சொன்னபோது, அன்றைக்கு முழுக்க அவள் அந்தத் தோளை அசைக்காமல் ஒற்றைக் கையால் வேலை பார்த்தாள்.

யாருக்குத் தெரிகிறார், யாருக்குத் தெரியவில்லை என்று பல் டாக்டர் விசாரித்துப் பார்த்தார். அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை. பின்னாடியாரைப் பார்த்து ஒருமுறையாவது பயந்தவர்களுக்குத் தெரிந்தார், பயப்படாதவர்களுக்குத் தெரியவில்லை. இவள் அவரைப் பார்த்துப் பயந்ததே கிடையாது. எப்படிப் பயப்படுவாள்? ஒவ்வொரு வெடிப்பையும் அவள்தானே ஒட்டினாள். சங்கம் அவளை எப்படியாவது பயமுறுத்திவிடுவது என்று தீர்மானம் போட்டது. அறையை இருட்டாக்கி, எந்தப் படத்தைப் பார்த்து ஊரே குலைநடுங்கியதோ அந்தப் படத்தைப் போட்டார்கள். கூடியிருந்தவர்களில் நான்கு பேர் அலறினார்கள். அவள் எட்டிப் பார்த்து, "காதுக்குக் கீழ பஞ்சு தடவின கோடு தெரியுது பாருங்க, அன்னைக்கு எனக்கு ஜுரம்" என்றாள். தபால்காரம்மா வெள்ளைப் பூச்சுடன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து வெளியே பாய்ந்தாள். அவள், "இப்படிப் பூசினா தோல் வெந்துடும்" என்று முகத்தைக் கழுவிவிட்டு, தேங்காய் எண்ணெயும் தடவி அனுப்பினாள். தலைகீழாக நின்று பார்த்தும் அவளுக்குப் பயம் வரவில்லை. ஊருக்கெல்லாம் தெரிகிற புருஷன் தனக்குத் தெரியவில்லையே என்ற ஏக்கம் மட்டும் நாளுக்கு நாள் வளர்ந்தது. இந்த ஜென்மத்தில் அவர் முகத்தை இன்னொரு தரம் பார்த்துவிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வருடங்கள் போயின. கண்ணாடியில் நின்று நின்று பின்னாடியாரின் பூச்சு மங்கியது. ரசிகர்கள் பொல்லாதவர்கள், கருவளையம் நூலளவு மங்கினாலும் பொறுக்க மாட்டார்கள். "அக்கா, எடது கண்ணுக்குக் கீழ கருப்பே இல்ல, தூங்கி எழுந்தவர் மாதிரி இருக்காரு" என்று புகார் சொன்னார்கள். அவளுக்குத் தொழில் சுத்தம் முக்கியம். பழைய பெட்டியைத் திறந்து பூச்சைக் கலந்தாள். நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் திரும்பி நின்று வெறுங்காற்றில் பஞ்சை ஒற்றினாள். "கொஞ்சம் மேல அக்கா. அங்க இல்ல, அது காது. ஆங், அதேதான்." அவர் ஒரே ஆள் என்பதால் இங்கே சரிசெய்தது ஊரிலிருந்த எல்லாக் கண்ணாடியிலும் சரியாயிற்று. பிறகு மழைக்காலம் முடிந்ததும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி, வருடத்துக்கு ஒரு தரம் அவரைப் புதுப்பிப்பது வழக்கமாகிவிட்டது.

அப்படி ஒரு வருடம் சங்கத்தைச் சேர்ந்த தையற்கடைக்காரர் நாற்காலியில் இருந்தார். அவள் பஞ்சில் கொஞ்சம் தண்ணீர் அதிகமாக எடுத்துவிட்டாள். பூச்சு கரைந்து வழிந்தது.

"அக்கா, தாடையக் காணோம்."

அவள் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். அவளுடைய தோளுக்குப் பக்கத்தில், வெற்றிடத்தில், ஒரு தாடையின் ஓரம் மட்டும் தெரிந்தது. பூச்சில்லாத தாடை, மாநிறம், சவரம் செய்யாத நரைக்கட்டை. ஆயிரம் தாடைகளுக்கு நடுவிலும் அவளால் அதைக் கண்டுபிடிக்க முடியும். கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். தையற்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "சீக்கிரம் பூசுங்க அக்கா, தாடையில்லாம பாக்க நல்லால்ல" என்று அவசரப்படுத்தினார். அவள் பஞ்சை எடுத்து, தன் கையாலேயே, அந்த இடத்தை வெள்ளையால் மூடினாள். தாடை அவளுக்கு மறைந்தது, தையற்கடைக்காரருக்கு வந்தது. "இப்பதான் லட்சணம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போனார். அன்று அவள் அடுத்த ஆளுக்கு முடி வெட்டவில்லை, கடைக் கதவைச் சாத்திவிட்டாள்.

வெகுநாள் அவள் யாரிடமும் சொல்லவில்லை. துடைத்தால் தனக்குத் தெரிவார், ஊருக்குத் தெரியமாட்டார்; பூசினால் ஊருக்குத் தெரிவார், தனக்குத் தெரியமாட்டார். தனியாக உட்கார்ந்து துடைத்துவிட்டால் கேட்க ஆளில்லை. அவளுக்கு மனசு வரவில்லை. பீரோக் கண்ணாடியை நம்பித் தூங்குகிற தபால்காரம்மாவிடமிருந்து அவரைத் திருடுவது மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். கடைசியில் தாங்க முடியாமல் தங்கச்சியிடம் சொன்னாள். தங்கச்சியின் வாயில் எதுவும் நிற்காது. ஞாயிற்றுக்கிழமைக்குள் அது சங்கத்தில் விவாதமாகிவிட்டது. தையற்கடைக்காரர் தாம்தூம் என்று குதித்தார். "எங்க சின்ன வயசுல மிச்சம் இருக்கறது அவரு ஒருத்தருதான். தியேட்டர இடிச்சிட்டாங்க, பள்ளிக்கூடத்த இடிச்சிட்டாங்க, கூடப் படிச்சவன் எல்லாம் எங்கெங்கயோ போயிட்டான். இவரையும் துடைச்சிட்டா நாங்க எதத்தான் பாக்குறது?" கடைசியில் தபால்காரம்மா எழுந்தாள்.

"நாம எல்லாரும் அவர அரை மணி நேரம் பாத்தவங்க. அந்தப் பொண்ணு அவரோட குடித்தனம் நடத்தினவ. இதுல என்னய்யா ஓட்டெடுப்பு?"

தையற்கடைக்காரர்தான் முதலில் மூக்கைச் சிந்தினார்.

துடைத்துவிடுவது என்று முடிவாகி, ஒரு ஞாயிறு காலையில் சங்கத்தார் எல்லோரும் கடைக்கு வந்தார்கள். இடம் போதாமல் வாசலில் நின்றார்கள். தலைவர் என்ற முறையில் பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் பெட்டியைத் திறந்து கிரீமும் பஞ்சும் எடுத்தாள். ஆரம்பிக்கப் போகும்போது டாக்டர் கையை உயர்த்தி ஒரு நிமிடம் என்றார். கூட்டத்தில் எத்தனையோ தடவை தான் பயந்த கதையைச் சொன்னவர், சொல்லாமல் விட்ட ஒன்றை இப்போது மெதுவாகச் சொன்னார். பின்னாடியாரின் படத்துக்குச் சிறுவனாக இருந்த டாக்டரைக் கூட்டிப்போனது அவருடைய அப்பா. அப்பா தொட்டுப் பேசுகிறவர் இல்லை. மகன் பின்னாடியாரைப் பார்த்து அலறியபோதுதான் முதல் தடவையாக அப்பா அவன் கையைப் பிடித்தார், படம் முடியும்வரை விடவில்லை. "அப்பா போயி ரொம்ப நாளாச்சு. காலைல ஷேவ் பண்ணும்போது இவரப் பாத்தா, இந்தக் கை இன்னும் சூடாகுதுக்கா."

அவள் பஞ்சைக் கீழே வைத்துவிட்டாள். "அப்ப வேணாம் டாக்டர். நான் இத்தன வருஷம் பாக்காம இருந்தவதானே. இருந்துக்கிறேன்."

"இல்ல. நீங்க துடைங்க." அவர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பயந்தவன் நான். அவருக்குச் சோறு போட்டவங்க நீங்க."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். "எல்லாரும் ஒரு தடவ நல்லாப் பாத்துக்குங்க." அவர்கள் பார்த்தார்கள். வயதானவர்கள், தொப்பை விழுந்தவர்கள், முழங்கால் வலிக்காரர்கள் எல்லோரும் நெருக்கியடித்து நின்று, கண்ணாடியில் அந்த வெளுத்த முகத்தைப் பார்த்தார்கள். பார்க்கப் பார்க்க, பழைய தியேட்டர் இருட்டு அவர்களுக்குத் திரும்பி வந்தது. தபால்காரம்மா வீலென்று அலறினாள். தையற்கடைக்காரர் பக்கத்திலிருந்தவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள், திருப்தியாக, விருந்து சாப்பிட்டவர்களைப்போல.

அவள் திரும்பிக் காற்றில் பஞ்சை வைத்தாள். "நெத்தி போயிடுச்சு அக்கா" என்றார் டாக்டர். அவள் கண்ணாடியைப் பார்த்தாள், சன்னல் கதவில் இடித்துக்கொண்ட பழைய தழும்போடு நெற்றி அங்கே இருந்தது. "வலது கன்னம் போயிடுச்சு." இருந்தது. "மூக்கு." இருந்தது. டாக்டரின் குரல் உடைந்துகொண்டே வந்தது, ஆனால் இடம் தவறாமல் சொன்னார். கண்ணுக்குக் கீழே இருந்த கரியை எடுக்கும்போது அவள் கட்டைவிரலையே உபயோகித்தாள். "எனக்கு இப்ப யாரும் தெரியல அக்கா" என்று டாக்டர் சொன்னார். வாசலில் நின்றவர்களும் ஒவ்வொருவராக ஆமாம் என்றார்கள்.

அவளுக்குத் தெரிந்தார். திடுக்கிடும்படி ஒன்றும் இல்லை. தூக்கக் கலக்கத்தில், வீட்டில் போடும் சட்டையில், இத்தனை நாள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய் என்பதுபோல அவளைப் பார்த்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் தலைமுடி காதை மூடி, காலருக்குக் கீழே இறங்கியிருந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க இது, தலை காடா கெடக்கு. உக்காருங்க" என்றாள்.

டாக்டர் சட்டென்று எழுந்து நாற்காலியை விட்டுக்கொடுத்தார். அவள் துண்டை விசிறிப் போட்டாள். அது நாற்காலியில் தோள் உயரத்துக்கு நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்தபடியே கத்தரியை ஓட்ட, தரையில் நரைமுடி கொத்துக்கொத்தாக விழுந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டர் மூலையிலிருந்த துடைப்பத்தை எடுத்துவந்து, நாற்காலியில் இடித்துவிடாமல், பதமாகக் கூட்டினார். அந்த நேரம் வெளியூர் ஆள் ஒருவர் முடி வெட்ட வந்து, இரண்டாவது நாற்காலி காலியாக, வெட்டுவதற்கு வேறு ஆள் இல்லாமல் கிடப்பதைப் பார்த்து, ரொம்ப நேரமாகுமா என்று கேட்டார்.

"இவருக்கு முடிச்சிட்டு வந்துடறேன்" என்றாள் அவள். அவர் சரி என்று ஒரு பத்திரிகையை எடுத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.